பொட்டலம் தின்ன சாக்லேட்

இருநூறு கிராம் கறுப்புச் சாக்லேட்டைத் தின்று தீர்க்க அவருக்கு ஆனது பதினோரு நிமிஷம். அந்தக் குற்றத்துக்கு ஓர் ஆளைப் பிடிக்க ஆனது அரை நிமிஷம்.

ஆள் என்றால் ஆள் இல்லை. நாய். சாப்பாட்டு மேஜைக்கடியில் நாலு காலையும் நாலு திசைக்குப் போட்டுக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. பழுப்பு நிறம், பதினோரு வயது, பத்துக் கிலோ. கழுத்து எங்கே முடிகிறது, இடுப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று அதைப் படைத்தவருக்கே சந்தேகம் வரும். கயிறு போட்டுக் கட்டிவைத்த மாதிரி இருந்ததால் அவருடைய மனைவி அதற்குப் பொட்டலம் என்று பெயர் வைத்திருந்தாள்.

அவர் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சர்வேயர். கடை எரிந்துபோச்சு, கார் நசுங்கிப்போச்சு, கிடங்குக்குள் தண்ணி புகுந்துடுச்சு என்று யார் மனு போட்டாலும் நேரில் போய்ப் பார்த்து, நிஜமா ஜோடனையா என்று சொல்வது அவர் வேலை. தானாக எரிந்த கடை எது, தீப்பெட்டி உரசிக் கொளுத்திய கடை எது என்பதை வாசலில் நின்றே சொல்லிவிடுவார். ஆபீஸில் அவருக்குப் பெயர் ‘மோப்பம்’. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். காதில் விழுந்தால் அவர் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிரும்.

ஊர்ப் பொய்யையெல்லாம் மோப்பம் பிடிக்கிற மனிதருக்கு வீட்டில் மட்டும் ஒரு பொய்கூடச் செல்லுபடியானதில்லை. காரணம், மனைவி ஒரு பெரிய மருந்துக் கடையில் மருந்தாளுநர். பதினெட்டு வருஷமாக டாக்டர்களின் கையெழுத்தைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். அந்தக் கையெழுத்தையே படிக்கிறவளுக்குப் புருஷன் முகமெல்லாம் கொட்டை எழுத்து.

மூன்று மாசத்துக்கு முன்னால் அவர் ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது. அன்றைக்கே வீட்டிலிருந்து சர்க்கரை இறங்கிவிட்டது. டப்பா டப்பாவாக இறக்கி, யார் யாருக்கோ கொடுத்துவிட்டாள். ‘இனிமேல் இனிப்பே தொட மாட்டேன்’ என்று பொட்டலத்தின் தலையில் கை வைத்து அவர் சத்தியமும் செய்தார். பொட்டலம் அப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

அதன் பிறகு டாக்டர் இரண்டு தடவை ரத்தச் சோதனைக்கு வரச்சொன்னார். முதல் தடவை, வெறும் வயிற்றில் போகவேண்டும் என்பதை மறந்து காபி குடித்துவிட்டதாக இவர் சொன்னார். அடுத்த தடவை காபியை மறக்காமல் குடித்தார். ரத்தம் எடுக்கவேண்டும் என்றாலே அவருக்கு ரத்தம் சுண்டிவிடும்.

இந்தச் சனிக்கிழமை அவருக்கு அரை நாள் வேலை. வீட்டுக்கு வந்தால் மேஜை மேல் அது இருந்தது. மனைவியோடு வேலை பார்க்கிற பெண் வேறு கடைக்கு மாறிப் போகிறாளாம், அவளுக்குக் கொடுக்க வாங்கியது. அரை அடி நீளம், தங்க நிறத்தாள், மேலே கறுப்பு அட்டை. கறுப்புச் சாக்லேட் இதயத்துக்கு நல்லது என்று எங்கோ படித்த ஞாபகம். கெட்டுப்போயிருப்பது சர்க்கரைதானே, இதயம் வேறு டிபார்ட்மெண்ட் இல்லையா என்று யோசித்தார். ஒரு கட்டத்தில் ஒரு துண்டு மட்டும் என்று தீர்மானித்தார். அடுத்த கட்டத்தில் ஒரு வரிசை மட்டும். அதற்கடுத்து அட்டைதான் மிச்சம்.

மணி இரண்டரை. மூன்று மணிக்கு அவள் வந்துவிடுவாள்.

வேறொருவராக இருந்தால் அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு உதறலோடு உட்கார்ந்திருப்பார். இவர் தொழில் தெரிந்தவர். முதலில் குளியலறைக்குப் போய்ச் சீப்பை எடுத்து வந்தார். அட்டையிலும் தாளிலும் சீப்பின் பல்லை வரிசையாக அழுத்திப் பொத்தல் போட்டார். ஓரங்களைப் பிய்த்தார். பொட்டலத்தின் தண்ணீர்க் கிண்ணத்தில் நனைத்து, எச்சில் ஊறிய பதத்துக்குக் கசக்கினார். நாற்காலியைக் கொஞ்சம் சாய்வாக இழுத்துப் போட்டார். கடைசியில் அட்டையைப் பொட்டலத்தின் முன்னங்காலுக்கடியில் செருகினார். அது கண்ணை ஒரு கோடளவு திறந்து அவரைப் பார்த்துவிட்டு, ‘சரி, வைத்துக்கொள்கிறேன்’ என்பது போல மூடிக்கொண்டது.

தள்ளி நின்று பார்த்தார். நாலு பக்க அறிக்கை எழுதலாம் போல இருந்தது. அவ்வளவு நிஜம். வாயைக் கொப்பளித்து, பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மூன்று அடித்து இரண்டு நிமிஷத்துக்குக் கதவு திறந்தது.

“ஏங்க, மேஜை மேல இருந்த சாக்லேட் எங்க?”

“எந்தச் சாக்லேட்?” என்றார் பேப்பருக்குள்ளிருந்து.

அவள் குனிவது கேட்டது. அட்டையை உருவுவது கேட்டது. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள் போலிருக்கிறது. பார்க்கட்டும், எந்தப் பக்கம் திருப்பினாலும் பல் குறி இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

“ஐயையோ!”

அவர் எதிர்பார்த்தது கோபம். வந்தது அலறல்.

“என்னம்மா, என்ன ஆச்சு?” பேப்பரைத் தாழ்த்தினார். “அட! பொட்டலம் பொட்டலத்தைப் பிரிச்சிடுச்சா? திருட்டு நாய்!”

“நீங்க பார்த்தீங்களா?”

“நான் உள்ள படுத்திருந்தேன். ஏதோ சரசரன்னு சத்தம் கேட்டுது. எலின்னு நினைச்சேன்.”

“எப்ப?”

“ஒரு ரெண்டு, ரெண்டே கால்.”

“முழுசையும் தின்னுட்டாளா?”

“துளி மிச்சம் இல்லியே, பாரு. வழிச்சு நக்கியிருக்கு.” இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு நிபுணரின் திருப்தி இருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பொட்டலத்தைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். “சாக்லேட் நாய்க்கு விஷங்க!”

“விஷமா?” அவருக்குச் சிரிப்பு வந்தது. “போம்மா. சின்னப் பிள்ளைங்கல்லாம் தின்னுது.”

“சின்னப் பிள்ளைங்க குரைக்குதா? நாய்க்கு ஆகாது. அதுலயும் இது கறுப்பு. இருநூறு கிராம். இவ இருக்கறதே பத்துக் கிலோ. நான் டாக்டருக்குப் போன் பண்றேன். நீங்க வண்டிய எடுங்க!”

போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குள் ஓடினாள். கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். அழுகிறாள் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தார்.

வண்டியை எடுக்கும்போதே அவருக்கு யோசனை ஓடியது. சொல்லிவிடலாமா? சொன்னால் என்ன ஆகும்? சாக்லேட் தின்றதுகூடப் பெரிதில்லை. சீப்பு வரைக்கும் சொல்லவேண்டி வரும். மோப்பத்துக்கு அது அடுக்குமா? வேண்டியதில்லை. டாக்டர் பார்ப்பார். நாய்க்கு ஒன்றும் இருக்காது. ‘நல்லாத்தான் இருக்கு, கூட்டிட்டுப் போங்க’ என்பார். யாருக்கும் நஷ்டமில்லை. எத்தனை கேஸ் பார்த்தவர் அவர்! பொய் சொன்னவர்கள் எல்லாரும் கடைசி நிமிஷத்தில் பயந்து உளறித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். உளறாமல் இருந்தால் போதும்.

வாயை இறுக்கி மூடிக்கொண்டு வண்டியை விரட்டினார். பின் சீட்டில் மனைவி, “சீக்கிரம்ங்க… சீக்கிரம்ங்க…” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பொட்டலம் ஜன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டு வந்தது. அரை மணி நேரப் பாதையை இருபது நிமிஷத்தில் கடந்தார்.

கால்நடை டாக்டரம்மா வாசலிலேயே காத்திருந்தார். ஒல்லி உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி, சிரிக்காத முகம். பொட்டலத்தை உயரமான இரும்பு மேஜையில் ஏற்றினார். காத்திருந்தவர்கள் பக்கம் கதவு திறந்தே கிடந்தது. அங்கே மடியில் கூண்டோடு ஒரு பெரியவர், கூண்டுக்குள் ஒரு கிளி.

டாக்டரம்மா குழாய் வைத்து இதயத் துடிப்பைக் கேட்டார். மோப்பம் அருகே போய் ஒரு தகப்பனின் கவலையை முகத்தில் வரவழைத்துக்கொண்டார்.

“பார்த்தா நல்லாத்தான் இருக்கு இல்ல, டாக்டர்? கூட்டிட்டுப் போயிடலாமா?”

“நல்லா இருக்கறதுதான் சார் ஆபத்து. தின்ன உடனே ஒண்ணும் தெரியாது. ஆறு மணி நேரம், சில சமயம் பன்னெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் ஆரம்பிக்கும். தெரியறப்போ கை மீறிப் போயிருக்கும்.”

வழி ஒன்று அடைபட்டது.

“சாக்லேட்ல அப்படி என்னதான் இருக்கு, டாக்டர்?”

“கோகோவுல தியோபுரோமின்னு ஒரு சமாச்சாரம் இருக்கு. நாம தின்னா நம்ம உடம்பு அதைச் சீக்கிரமே செரிச்சு வெளிய தள்ளிடும். நாய் உடம்புக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. மணிக்கணக்கா உள்ளயே சுத்தும். முதல்ல வாந்தி, பேதி. நிலைகொள்ளாம அலையும். தண்ணியாக் குடிக்கும். அப்புறம் இதயம் தாறுமாறா ஓடும். நடுக்கம், வலிப்பு. அதுக்கு மேல போனா சொல்றதுக்கில்ல. பால் சாக்லேட்ல கொஞ்சம் கம்மி. கறுப்பு ஏற ஏற விஷமும் ஏறும். நீங்க சொல்ற அளவு, இந்த எடைக்கு…” டாக்டரம்மா முடிக்கவில்லை. கண்ணாடியை மட்டும் மேலே தள்ளிக்கொண்டார்.

கதவு வழியே கிளிக்காரர் தலையை நீட்டினார். “கிளிக்குக் கொடுக்கலாமா, டாக்டர்?”

“கூடவே கூடாது. கிளிக்கும் ஆகாது, பூனைக்கும் ஆகாது.”

“தினம் சாயங்காலம் சாக்லேட் பிஸ்கட் ஒரு துண்டு வைப்பேனே. வைக்கலன்னா கெட்ட வார்த்தைல திட்டும்.”

“திட்டட்டும். திட்டறதுக்காவது உயிரோட இருக்கும்.”

கிளிக்காரர் தலையை உள்ளிழுத்துக்கொண்டார். அங்கே கூண்டுக்குள்ளிருந்து ஏதோ ஒரு வார்த்தை கேட்டது. கேட்கக்கூடிய வார்த்தை இல்லை.

“இப்ப என்ன பண்ணணும், டாக்டர்?” என்றாள் மனைவி. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“ரெண்டு மணி நேரத்துக்குள்ள வந்துட்டீங்க, நல்லது. ஒரு ஊசி போட்டு வாந்தி எடுக்க வைக்கணும். குடலைப் புரட்டிக்கிட்டு வரும், பார்க்கக் கஷ்டமா இருக்கும். அப்புறம் கரித்தூள் மருந்தைக் கரைச்சு வாய்ல ஊத்தணும். கால்ல டிரிப். இதயத் துடிப்பு அடங்கற வரைக்கும் இங்கயே இருக்கணும். வயசு வேற பதினொண்ணு ஆகுது. தாங்குதான்னு பார்ப்போம்.”

அவர் தம்மையறியாமல் தம் வயிற்றைத் தடவிக்கொடுத்தார். சாக்லேட் இருந்தது அங்கேதான்.

“இல்ல டாக்டர்… ஒருவேளை கொஞ்சமா ஒரு துண்டு மட்டும் தின்னிருந்தா?”

“மிச்சம் எங்க?”

“மிச்சம் வந்து… சிந்தியிருக்கும்.”

“இருநூறு கிராம் சிந்துமா? வீட்ல வேற யாராவது தின்னாங்களா?”

மனைவி மெல்ல அவர் பக்கம் திரும்பினாள். குரலில் அவ்வளவு கனிவு. கல்யாணமான புதிதில்கூட அப்படிக் கேட்டதில்லை. “ஏங்க, நீங்க ஏதாவது எடுத்தீங்களா? எடுத்திருந்தா சொல்லிடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

இதுதான் சமயம். அவருக்கும் தெரிந்தது. ஆனால் ‘ஒண்ணும் சொல்ல மாட்டேன்’ என்ற வாக்கியத்தை நம்பிச் சரணடைந்த எத்தனையோ பேரை அவரே மாட்டிவிட்டிருக்கிறார்.

“சேச்சே! நானா? சத்தியம் பண்ணியிருக்கேன்ல?” என்றார்.

“அப்ப சரி,” என்றாள் மனைவி. “போட்டுடுங்க, டாக்டர்.”

டாக்டரம்மா ஒரு சின்ன புட்டியிலிருந்து மருந்தை உறிஞ்சினார். ஊசியை மேலே பிடித்துச் சுண்டினார். நுனியில் ஒரு சொட்டு மினுங்கியது. பொட்டலம் அதைப் பார்க்கவில்லை. அது அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேஜை மேல் நகர்ந்து வந்து, தன் தாடையைத் தூக்கி அவர் உள்ளங்கையில் வைத்தது. வைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டது. சொந்த வீட்டு ஆள் கூட இருக்கிறார், இனி என்ன பயம் என்கிற மாதிரியான பெருமூச்சு. கை வெதுவெதுவென்று இருந்தது. பதினோரு வருஷத்தில் அதன் தலை இவ்வளவு கனம் என்று அவருக்குத் தெரிந்ததில்லை.

“நிறுத்துங்க!” என்று கத்தினார். “அது தின்னல! நான்தான் தின்னேன்! முழுசையும் நான்தான் தின்னேன்!”

கிளிக்காரர் எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார்.

மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “பாருங்க டாக்டர், இவருக்கு இவ மேல எவ்வளவு பாசம்! அவளுக்கு வலிக்கக் கூடாதுன்னு பழியைத் தன் மேல போட்டுக்கறார்.”

“நிறைய பேர் அப்படித்தான்மா,” என்றார் டாக்டரம்மா. “ஊசியைப் பார்த்ததும் மனசு இளகிடும். சார், கொஞ்சம் வெளிய இருங்க.”

“ஐயோ, நிஜமாவே நான்தாம்மா!”

“எப்படிங்க நம்பறது? அட்டை பூரா பல் குறி இருக்கே.”

“அது பல் இல்ல, சீப்பு!”

“சீப்பா?”

“குளிக்கற ரூம் சீப்பு. பச்சை சீப்பு. இப்படி அழுத்தி, இப்படித் திருப்பி…” அவர் காற்றில் அழுத்திக் காட்டினார். “தண்ணிக் கிண்ணத்துல நனைச்சேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன். எல்லாம் ஜோடனை. சத்தியமா!”

“நீங்க சத்தியம் பண்ணினீங்கன்னா எனக்குச் சந்தேகம் ஜாஸ்திதான் ஆகுது.” அவள் தலையை ஆட்டினாள். “நாயோட உயிர் விஷயம். வாய் வார்த்தையை நம்பி விட முடியுமா? ஆதாரம் வேணும்ல?”

ஆதாரம்! பிழைப்பு முழுக்க அடுத்தவர்களிடம் அவர் கேட்ட வார்த்தை.

“என்ன ஆதாரம் வேணும், சொல்லு!”

“உங்க ரத்தத்துல தெரியும்,” என்றாள். கைப்பையைத் திறந்தாள். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிற கருவி உள்ளே தயாராக இருந்தது. தாள் செருகி, ஊசி மாட்டி, பஞ்சு நனைத்து.

மூன்று மாசமாகக் காபிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த மனிதர் விரலை நீட்டிக்கொண்டு அவள் முன்னால் நின்றார். “குத்து! சீக்கிரம் குத்து! அந்த விரல்ல வரலன்னா இந்த விரல்ல குத்து!”

குத்தினாள். ஐந்து விநாடி. கருவி கீச்சென்றது. இருநூற்றுத் தொண்ணூற்றாறு.

“பார்த்தியா!” என்று அவர் ஆனந்தமாகக் கூவினார். “பார்த்தீங்களா டாக்டர், இருநூத்தித் தொண்ணூத்தாறு! நான்தான்னு சொன்னேன்ல!”

கிளிக்காரர் கை தட்டினார். அதற்கப்புறம்தான் மோப்பத்துக்கு, தாம் எதற்காகச் சந்தோஷப்படுகிறோம் என்று உறைத்தது. கையைக் கீழே இறக்கினார்.

மனைவி எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். முகத்தில் அழுத சுவடே இல்லை. “திங்கக்கிழமை உங்க டாக்டர்கிட்ட போறோம். வெறும் வயித்துல. காபிப்பொடி டப்பா என்கிட்ட இருக்கும்.”

அவர் தொழில் மூளை மெதுவாக விழித்தது. “இரு… நீ இந்தக் கருவியை எப்பப் பையில வச்ச?”

“வீட்லயிருந்து கிளம்பறப்போ.”

“அப்ப உனக்கு முன்னாடியே…”

டாக்டரம்மா பொட்டலத்தின் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். அப்புறம் கீழுதட்டை இழுத்துக் காட்டினார். இளஞ்சிவப்பாக, வழவழவென்று, வெறும் ஈறு. ஒரு பல்கூட இல்லை.

“எல்லாம் ஆடிப்போச்சுன்னு ரெண்டு மாசம் முன்னாடி நான்தான் எடுத்தேன்,” என்றார். “மயக்க மருந்து கொடுக்கச் சம்மதம்னு நீங்கதான் சார் கையெழுத்துப் போட்டு அனுப்பினீங்க.”

“நானா?”

“டிவி பார்த்துக்கிட்டு இருந்தீங்க,” என்றாள் மனைவி. “எங்க போடணும்னு மட்டும் கேட்டீங்க. காட்டினேன், போட்டீங்க. ரெண்டு மாசமா அவளுக்குக் கஞ்சியாக் கரைச்சு ஊட்டறேன், அதுவும் உங்க கண்ணுல படல. நம்ம வீட்ல பல் இருக்கறது எனக்கும் உங்களுக்கும்தான். சீப்பைச் சேர்த்தா மூணு.”

இத்தனை வருஷமாக, தாம் போய் நின்ற வாசல்களில் எல்லாம் எதிரில் நின்றவர்கள் முகம் எப்படி இருந்தது என்று மோப்பத்துக்கு இப்போது ஞாபகம் வந்தது.

“நீங்க சாக்லேட் தின்னதுகூட எனக்குப் பெரிசில்ல,” என்றாள் அவள். இப்போது குரலில் கனிவு இல்லை. “விஷம்னு சொன்னேன். செத்துடுவான்னு பதறினேன். இருபது நிமிஷம் வண்டி ஓட்டினீங்க. வாயைத் திறந்தீங்களா? ஊசி வர்ற வரைக்கும் பார்க்கலாம்னுதானே இருந்தீங்க?”

பொட்டலம் மட்டும் இன்னமும் அவர் கையில்தான் தாடையை வைத்திருந்தது. அதற்கு எந்த வருத்தமும் இருப்பதாகத் தெரியவில்லை. அதுதான் அவருக்கு ரொம்ப உறுத்தியது.

“டாக்டர், நீங்களுமா?” என்றார் நலிந்த குரலில். “அத்தனையும் நாடகமா? வாந்தி, வலிப்பு எல்லாம்?”

“சாக்லேட்டைப் பத்தி நான் சொன்னதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல, சார். நிஜமா தின்னிருந்தா இவ்வளவு நேரம் பேசிக்கிட்டா இருப்பேன்? இனிமே மேஜை மேல வைக்காதீங்க. உங்களுக்காக மட்டும் இல்ல, இவளுக்காகவும்தான்.”

சொல்லிக்கொண்டே பொட்டலத்தின் பிடரித் தோலைச் சேர்த்துப் பிடித்தார். கையில் அதே ஊசி.

மோப்பம் பதறிப்போனார். “அதான் அது தின்னலைன்னு நிரூபிச்சாச்சே, டாக்டர்! பின்ன எதுக்கு ஊசி?”

டாக்டரம்மா அலுங்காமல் குத்திவிட்டு, பஞ்சை வைத்துத் தேய்த்தார். மனைவிதான் பதில் சொன்னாள், கைப்பையை மூடிக்கொண்டே.

“வருஷா வருஷம் போடற தடுப்பூசிங்க. இன்னிக்கு நாலு மணிக்கு வரச்சொல்லியிருந்தாங்க. பஸ்ல இவளை ஏத்த மாட்டாங்க. கூப்பிட்டா நீங்க டிவியை விட்டு எழுந்திருக்க மாட்டீங்க. வண்டிக்கு என்ன பண்றதுன்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன்.”